பனிமலையைக் கடந்த தபால்காரர்



விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், இருட்டோடு இருட்டாக நிரையில் இறங்கிப் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும். குளிர்ச்சி இருக்கும்போதே மங்கு நிறையும். வேலையின் நேரத்தைக் குறிப்பது கடிகாரம் அல்ல, மரமும் வெயிலும்தான்.

உலகத்தின் இன்னொரு கோடியில், மரத்துக்குப் பதிலாகப் பனி நேரத்தைக் குறித்தது. பனிமலையில் நடக்கிறவர்களும் விடிவதற்கு முன்பே புறப்படுவார்கள். இரவுக் குளிரில் பனியின் மேல்பரப்பு இறுகித் தட்டுப்போல் கெட்டியாக இருக்கும். வெயில் பட்டதும் அது இளகும், கால் புதையும். மலைச்சரிவில் தேங்கிய பனி குவியல் குவியலாகச் சரிந்து விழும் ஆபத்தும் வெயிலோடு கூடும். ஆகவே விடியற்காலைதான் நடைக்கு உகந்த நேரம்.

அப்படிப்பட்ட ஒரு பனிமலையைத் தபால் மூட்டையைச் சுமந்துகொண்டு 20 குளிர்காலங்கள் கடந்த ஒரு தொழிலாளியின் வரலாற்றை இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜான் தாம்சன். அமெரிக்க மக்கள் அவரைப் 'பனிச்சப்பாத்துத் தாம்சன்' என்று அழைத்தார்கள். அவர் செய்த வேலை பெரிது. அதற்கு அவர் பெற்ற கூலி என்ன என்பதைப் பேச்சின் முடிவில் பார்ப்போம்.

முதலில் பனிச்சப்பாத்து என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பனி பெய்வதில்லை. ஐஸ் கச்சாங்கில் குவித்து வைக்கும் துருவிய ஐஸை நினைத்துக்கொள்ளுங்கள். அது மலையெங்கும் 10 அடி, 20 அடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தால் எப்படி இருக்கும்? சாதாரணச் சப்பாத்துடன் அதன்மேல் கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே போய்விடும். ஓர் அடி எடுத்து வைக்கவே மூச்சு வாங்கும்.

மழைக்காலத்தில் லயத்துக்கு முன்னால் சேறாகிவிட்டால் நாம் என்ன செய்வோம்? ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடப்போம். வெறுங்காலில் புதைகிற அதே ஆள் பலகைமேல் நின்றால் புதைவதில்லை. உடலின் பாரம் ஒரு சிறிய இடத்தில் அழுத்தாமல், பலகையின் அகலம் முழுவதும் பரவிவிடுகிறது. பனிச்சப்பாத்தின் இரகசியமும் இதுதான். வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் மரக்கிளையை நெருப்புச் சூட்டில் வளைத்துச் சட்டம் கட்டி, நடுவே பச்சைத் தோல்வாரால் வலைபோல் பின்னி, அதைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பார்ப்பதற்கு நம் வீட்டு முறத்தைக் காலில் கட்டியதுபோல் இருக்கும். கனடாவின் காடுகளில் இது நீண்ட வடிவிலும், கலிபோர்னியாவின் கிழக்கெல்லை மலைகளில் வாழ்ந்த வாஷோ மக்களிடம் வட்ட வடிவிலும் இருந்தது.

ஐரோப்பாவின் வடக்கே, நார்வே நாட்டு மக்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். வலைக்குப் பதிலாக இரண்டு நீண்ட மரப்பலகைகள். முன்நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். இதில் நடக்கலாம், சரிவு வந்தால் வழுக்கிக்கொண்டே இறங்கலாம். இன்று 'ஸ்கீ' என்று சொல்கிறோமே, அதுதான். ஆனால் 1850-களில் கலிபோர்னியாவில் அந்தச் சொல் வழக்கத்தில் இல்லை. அதையும் 'நார்வே பனிச்சப்பாத்து' என்றே அழைத்தார்கள். தாம்சனுக்கு வந்த பட்டப்பெயரின் காரணம் இதுவே.

இனி அந்த மலையைப் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அதன் கிழக்கே வேலி போட்டதுபோல் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது சியரா நெவாடா மலைத்தொடர். 'பனி மூடிய மலைத்தொடர்' என்பது அந்த ஸ்பானியப் பெயரின் பொருள். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் மோதி மேலே ஏறும். குளிர்ந்து பனியாகக் கொட்டும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மலைவழிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

இந்த மலையைக் கண்டு அந்நாட்டு மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1846-ஆம் ஆண்டு, புதிய வாழ்வைத் தேடி மாட்டு வண்டிகளில் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட ஒரு கூட்டம் இந்த மலையில் பனியில் சிக்கியது. 80-க்கும் மேற்பட்டவர்கள்; பாதிப்பேர் பிள்ளைகள். உணவு தீர்ந்தது. மாடுகளைத் தின்றார்கள், பிறகு மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்றார்கள். டிசம்பர் 16-ஆம் நாள், 17 பேர் உதவி தேடிப் புறப்பட்டார்கள். மாட்டு நுகத்தடியின் வளைகளை அறுத்துச் சட்டமாக்கி, தோல்வாரைப் பின்னித் தாங்களே பனிச்சப்பாத்து செய்துகொண்டார்கள். இரண்டு பேர் வழியிலேயே திரும்பிவிட்டார்கள். மற்ற 15 பேர் 6 நாள் உணவோடு போன பயணம் 33 நாள் நீண்டது. உயிரோடு வெளியே வந்தவர்கள் 7 பேர். அவர்களில் 5 பேர் பெண்கள். அந்த 7 பேர் வந்து சொன்ன பிறகுதான் மலைமேல் சிக்கியவர்களுக்கு மீட்புக் குழுக்கள் போயின. கையால் பின்னிய அந்தச் சப்பாத்துகள் இல்லாவிட்டால் மிச்சப்பேரும் அங்கேயே மடிந்திருப்பார்கள்.

இது நடந்து ஓராண்டு கழித்து, 1848 ஜனவரியில், கலிபோர்னியாவில் ஓர் ஆற்று மணலில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் திரண்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்களே அதிகம். வேலை கிடைத்ததா, உடம்பு நலமா, பிள்ளை பிறந்ததா, தாய் இருக்கிறாளா என்பதையெல்லாம் அறிய அவர்களுக்கு இருந்தது ஒரே வழி, கடிதம்.

கடிதத்தின் அருமையை நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது என் பாட்டிக்கு ஊரிலிருந்து நீலநிறக் கடிதம் வரும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. நான் படித்துக் காட்ட வேண்டும். ஒரு முறை படித்தால் போதாது. மூன்று முறை படிக்கச் சொல்வார். பிறகு அதை வாங்கி, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். மலைக்கு அப்பால் பிரிந்து கிடந்த அந்த மக்களும் இப்படித்தான் காத்திருந்தார்கள்.

கோடைக்காலத்தில் கோவேறு கழுதைகளில் தபால் மலையைத் தாண்டியது. குளிர்காலத்தில்தான் தொல்லை. 1851-ஆம் ஆண்டில் ஜார்ஜ் சார்ப்பெனிங் என்பவர் அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்துத் தபாலைக் கொண்டுபோகத் தொடங்கினார். முதல் ஆண்டிலேயே அவருடைய கூட்டாளி வழியில் கொல்லப்பட்டார். அதே குளிர்காலத்தில் சுமைவிலங்குகள் பனியில் விறைத்துச் செத்தன. பிறகு சிலர் வலைப்பின்னல் பனிச்சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். சுமையோடு அது மெதுவான நடை. மலைக்குக் கிழக்கே கார்சன் பள்ளத்தாக்கில் குடியேறிய மக்களுக்குக் குளிர்காலம் முழுவதும் கடிதம் இல்லை, செய்தித்தாள் இல்லை, மருந்து இல்லை.

இந்த நிலையில்தான் ஜான் தாம்சன் முன்வந்தார்.

அவர் அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர். நார்வே நாட்டில் தெலமார்க் என்னும் மலைப்பகுதியில், தின் என்ற ஊரில், 1827 ஏப்ரல் 30-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோன் டோர்ஸ்டைன்சன் ரூவே. 1837-இல், 10 வயதில், தாயோடு கப்பலேறி அமெரிக்கா வந்தார். இல்லினாய், மிசூரி, அயோவா, விஸ்கான்சின் என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. அமெரிக்கர்களின் வாய்க்கு அவர் பெயர் வராததால் ஜான் தாம்சன் ஆனார். பிழைப்புத் தேடிப் போன இடத்தில் பெயர் மாறிப்போவது நமக்குத் தெரியாத கதையா? பிறப்புப் பத்திரத்தில் ஒன்றும் அடையாளக் கார்டில் ஒன்றுமாகப் பெயர் விழுந்த பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

1851-இல் அவர் ஒரு மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு கலிபோர்னியா வந்தார். பிளேசர்வில் என்னும் ஊர்ப்பக்கம் தங்கம் தோண்டிப் பார்த்தார்; பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் சிறிது நிலம் பிடித்து விவசாயம் செய்தார். 1855-ஆம் ஆண்டின் கடைசியில், மலைக்கு அப்பால் தபால் போகாமல் மக்கள் தவிக்கிறார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தார். சிறு வயதில் நார்வேயில் பிள்ளைகள் கால்முளைத்த நாளிலிருந்தே பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் ஓடியது அவருக்கு நினைவு வந்தது.

தம் நிலத்திலிருந்த ஓக் மரத்தை வெட்டிப் பிளந்தார். சுமார் 10 அடி நீளத்தில் இரண்டு பலகைகளைச் செதுக்கினார். பச்சை மரமாதலால் இரண்டும் சேர்ந்து 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கு மேல் எடை. மலைப்பக்கம் போய் யாரும் பார்க்காத இடத்தில் பழகிப் பார்த்தார். பழைய வித்தை காலுக்கு மறக்கவில்லை. நேராகப் போய்த் தபாலை நான் கொண்டுபோகிறேன் என்றார்.

1856 ஜனவரியில் பிளேசர்வில்லிலிருந்து அவர் முதல் முறை புறப்பட்டார். இந்த மரப்பலகையை வைத்துக்கொண்டு மலையைத் தாண்ட முடியும் என்று ஊரில் பலர் நம்பவில்லை. அவர் போக வேண்டிய தூரம் 90 மைல், சுமார் 145 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏறி இறங்க வேண்டிய கணவாய் 7,000 அடிக்கு மேல். நம் குனோங் தஹான் மலையின் உச்சி 2,187 மீட்டர், 7,175 அடி. அவ்வளவு உயரத்தில், ஒற்றையடிப் பாதைகூடக் கண்ணுக்குத் தெரியாத வெண்பனியில், தனி ஆளாகப் போனார். ஐந்து நாளில் போய்த் திரும்பியும் விட்டார். மலைக்கு அப்பால் ஜெனோவா என்ற சிற்றூரில் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த கடிதங்களை வாங்கி வந்திருந்தார்.

அன்று முதல் அதுவே அவர் வேலை ஆயிற்று. மாதத்துக்கு இரண்டு முறையாவது போவார். போகும்போது ஏற்றம், மூன்று நாள். திரும்பும்போது இரண்டு நாள். முதுகில் தபால் மூட்டை 60 முதல் 100 பவுண்டு வரை இருக்கும். 100 பவுண்டு என்றால் 45 கிலோ. காண்டாவாளியில் பால் சுமந்து மேடேறியவர்களுக்கு அந்தப் பாரத்தின் அளவு தோளிலேயே தெரியும்.

அவர் எப்படிப் போனார் என்பதை டான் டி குவில் என்னும் பத்திரிகையாளர் எழுதிவைத்திருக்கிறார். தாம்சன் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவரை நேரில் கண்டு பேசி, 1886-இல் ஒரு மாத இதழில் வெளியிட்டார். நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்தக் கட்டுரையிலிருந்து வந்ததே.

தாம்சன் போர்வை எடுத்துப் போவதில்லை. துப்பாக்கியும் இல்லை. அந்தப் பாரத்துக்கு இன்னும் சில கடிதங்களை ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. உணவு, உலர்ந்த இறைச்சியும் கொஞ்சம் பிஸ்கட்டும். தண்ணீருக்கு மலையோடை, இல்லாவிட்டால் பனிக்கட்டி. வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குருடாக்கிவிடும் என்பதால் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசிக்கொள்வார். கையில் ஒரே ஒரு நீண்ட கழி. சரிவில் இறங்கும்போது கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் கழியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துச் சமநிலை பார்த்துக்கொள்வார்.

இரவில் பட்டுப்போன பைன் மரத்தின் அடிக்கட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து நெருப்பு வைப்பார். அது விடிய விடிய எரியும். பச்சை இலைக்கொப்புகளை ஒடித்துப் பனிமேல் பரப்பி, காலை நெருப்புப் பக்கம் நீட்டி, தபால் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுப்பார். வழி தவறுமோ என்ற பயம் அவருக்கு இருந்ததில்லை. பகலில் மரங்களையும் பாறைகளையும் நீரோட்டத்தையும் பார்த்தார்; இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தார். கடும் புயலில் நகரவே முடியாதபோது, ஒரு தட்டைப் பாறைமேல் ஏறித் தம் நாட்டு நாட்டியத்தை ஆடிக்கொண்டே இருப்பாராம். நின்றால் விறைத்துவிடும், ஆடினால் இரத்தம் ஓடும். நினைத்துப் பாருங்கள்: சுற்றிலும் இருட்டு, கொட்டும் பனி, பாறைமேல் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறான் ஒரு மனிதன்.

அவர் சுமந்தவை கடிதங்கள் மட்டும் அல்ல. மருந்து, துணி, சிறு கருவிகள், கடைச்சாமான் என்று கேட்டதையெல்லாம் வாங்கி வந்தார். 1858-இல் ஜெனோவாவில் ஒரு செய்தித்தாள் தொடங்கியது. அதற்கு வேண்டிய அச்செழுத்துகளையும் காகிதத்தையும் மலைக்கு அப்பாலிருந்து முதுகில் கொண்டுபோனவர் தாம்சன் என்று சொல்வார்கள். அந்தப் பத்திரிகைதான் பின்னாளில் வர்ஜினியா சிட்டிக்கு இடம் மாறியது. 1863-இல், அங்கே வேலை செய்த ஓர் இளைஞர் தம் கட்டுரையில் மார்க் டுவைன் என்று முதன்முதலாகக் கையெழுத்திட்டார். உலகப் புகழ் பெற்ற அந்த எழுத்தாளரின் பெயர் பிறந்த பத்திரிகைக்கு ஒரு தபால்காரரின் முதுகும் பாரம் தாங்கியிருக்கிறது.

அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1856 டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு முந்திய சில நாட்கள். ஜெனோவாவுக்குப் போகும் வழியில் ஏரிப் பள்ளத்தாக்கு என்ற இடத்தில், ஆளில்லாத மரக்குடிசை ஒன்றிலிருந்து முனகல் கேட்டது. உள்ளே ஜேம்ஸ் சிஸன் என்பவர் கிடந்தார். பனியில் சிக்கி, இரண்டு காலும் விறைத்துப்போய், 12 நாட்களாக அங்கே கிடந்தார். தின்றதெல்லாம் குடிசையில் இருந்த மாவு. கால்கள் கருத்துவிட்டன. இனி வேறு வழியில்லை, தானே கோடாரியால் காலை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

தாம்சன் அவரைத் தடுத்தார். விறகு வெட்டிப் போட்டு நெருப்பு மூட்டினார். தம் உணவைக் கொடுத்தார். பிறகு மலையில் இறங்கி ஜெனோவாவுக்கு விரைந்தார். அங்கே சில ஆட்களைச் சேர்த்தார். அவர்களுக்கும் பனிச்சப்பாத்து செய்து கொடுத்தார். ஒரு சறுக்கு வண்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு எல்லாரும் மலையேறினார்கள். சிஸனை அதில் கிடத்திப் புதுப்பனியில் இழுத்துக்கொண்டு ஜெனோவாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. கால்களை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்றார் மருத்துவர். ஆனால் மயக்கமருந்தான குளோரோபார்ம் அவரிடம் இல்லை. அது மலைக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். பல நாள் தூக்கமில்லாத தாம்சன் மீண்டும் பலகையைக் கட்டினார். மலையேறி, இறங்கி, சாக்ரமெண்டோ வரை போய், மருந்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் மலையைத் தாண்டி வந்தார். அறுவை நடந்தது. சிஸன் பிழைத்தார். முன்பின் பழக்கமில்லாத ஒருவருக்காக, யாரும் கேட்காமலே செய்த வேலை அது.

வீரர் என்பதற்காக அவரை நான் பெரிதாக்கிக் காட்டவில்லை. அவருக்கும் தோல்வி உண்டு. 1869-இல் லா போர்ட் என்ற சுரங்க ஊரில் நடந்த பனிச்சறுக்குப் பந்தயத்தில் அவரும் கலந்துகொண்டார். அவ்வூர் இளைஞர்கள் பலகையின் அடியில் இரகசியமாகக் காய்ச்சிய மெழுகைப் பூசியிருந்தார்கள். தாம்சன் ஒன்றும் பூசவில்லை. அவர்கள் காற்றாய்ப் பறந்தார்கள், இவர் பின்தங்கிவிட்டார். நேர்ச்சரிவில் வழுக்குவது ஓட்டமா, மலைக்காட்டில் வந்து என்னோடு ஓடிப் பாருங்கள் என்று பிறகு அறைகூவல் விட்டார். யாரும் வரவில்லை.

இப்போது, பேச்சின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இவ்வளவும் செய்தவருக்குக் கூலி என்ன கிடைத்தது?

தபால் வேலைக்கென்று அரசாங்கம் அவருக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை.

இது எப்படி நடந்தது? தபாலைக் கொண்டுபோகும் ஒப்பந்தம் தாம்சனின் பெயரில் இல்லை. ஒப்பந்தக்காரர் வேறு. வேலை செய், பணம் வரும் என்ற வாய்ச்சொல்லை நம்பி இவர் நடந்தார். 1860-இல் அரசாங்கம் சார்ப்பெனிங்கின் ஒப்பந்தத்தை ரத்துச் செய்துவிட்டது. அவரே தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அவருக்குக் கீழே நடந்தவரை யார் கவனிப்பார்கள்? நம் பேச்சில் சொல்வதானால், தாம்சனின் பெயர் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. அவர் நடந்த மைல்களை எந்தக் கிராணியும் எழுதிவைக்கவில்லை.

ஆனாலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. காலம் மாறிக்கொண்டே வந்தது. மலைவழியில் வண்டிப்பாதை சீரானது. 1860 ஏப்ரலில் குதிரை அஞ்சல் ஓடத் தொடங்கியது. 1861 அக்டோபரில் தந்திக்கம்பி இணைந்ததும் அது நின்றது. 1869 மே 10-ஆம் நாள் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதை முடிந்தது. அந்த ரயில் போகாத மலையூர்கள் இருந்தன. தாம்சன் அவற்றுக்குத் தபால் சுமந்தார். 1866-இல் ஆக்னஸ் என்னும் மங்கையை மணந்தார்; அடுத்த ஆண்டு ஆர்தர் என்ற மகன் பிறந்தான். வைரப் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் நிலம் வைத்து உழுதார். கோடையில் உழவு, குளிர்காலத்தில் தபால். அப்படித்தான் குடும்பம் நடந்தது.

1869-இல் நெவாடா மாநிலச் சட்டமன்றம், தாம்சனுக்கு 6,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குத் தீர்மானம் அனுப்பியது. பலன் இல்லை. 1872-இல் தாமே வாஷிங்டன் நகருக்குப் புறப்பட்டார். வழியில் வயோமிங் பகுதியில் ரயில் பனியில் சிக்கி நின்றுவிட்டது. மற்றவர்கள் ரயிலிலேயே உட்கார்ந்திருக்க, தாம்சன் இறங்கி நடந்தார். ரயிலையே முந்திக்கொண்டு அடுத்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று அக்காலத்தில் வியந்து பேசினார்கள். அந்த வயதிலும் அந்தக் கால்களுக்கு அவ்வளவு வலிமை இருந்தது. ஆனால் தலைநகரில் அவருக்குக் கிடைத்தது வாக்குறுதி மட்டுமே. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

1876-ஆம் ஆண்டு அவர் நோயில் விழுந்தார். மே 15-ஆம் நாள், 49-ஆம் வயதில், காலமானார். இரண்டு ஆண்டு கழித்து, 11 வயது மகன் ஆர்தரும் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். தந்தையும் மகனும் ஜெனோவா இடுகாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். மனைவி பின்னாளில் ஒரு கல்லறைக்கல் நாட்டினார். அதன்மேல் குறுக்காக வைத்த இரண்டு பனிப்பலகைகள் செதுக்கப்பட்டுள்ளன. கல்லில் அவர் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருக்கிறது. பிறந்த பெயர் கப்பலேறியதும் மாறிற்று. மாறிய பெயரும் கல்லறையில் பிழையாய் நின்றது. இன்று ஜெனோவாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. உயிரோடிருந்தபோது கொடுக்காத கூலியை எந்தச் சிலையும் தீர்த்துவிடாது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஒன்று பிள்ளைகளுக்கு. தாம்சனிடம் இருந்த மூலதனம் தாய்நாட்டில் சிறுவயதில் கற்ற ஒரு பழக்கம். பனியில் பலகை கட்டி நடப்பது நார்வேக் குடியானவன் வீட்டில் சாதாரணம். அதற்கென்று பள்ளி இல்லை, பட்டம் இல்லை. ஆனால் வேறொரு நாட்டில், எல்லாரும் கைவிட்ட இடத்தில், அந்தப் பழக்கமே ஊருக்கு உயிர் கொடுத்தது. ஆகவே தாத்தா பாட்டியின் கைவேலையைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று பெற்றோருக்கு. நல்ல வேலைக்காரன் என்ற பெயர் போதாது. 20 குளிர்காலங்கள் தாம்சன் கடமை தவறவில்லை. ஒரு மாவட்டமே அவருக்குச் சாட்சி சொன்னது. ஆயினும் அவர் பெயரில் ஒரு துண்டு ஒப்பந்தம் இல்லாததால் அத்தனை சாட்சியும் வீணாயிற்று. அவர் தலைக்கு வைத்துப் படுத்த மூட்டையில் ஆயிரக்கணக்கான காகிதங்கள் இருந்தன. அவருக்கு வேண்டிய ஒரு காகிதம் மட்டும் அதில் இல்லை.

எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது நான் இதைத்தான் சொல்வது வழக்கம். நீங்கள் தோட்டத்தில் வேலை செய்தாலும், குத்தகைக்காரரிடம் செய்தாலும், பட்டணத்துத் தொழிற்சாலையில் செய்தாலும், வேலைக்குச் சேரும் நாளிலேயே உங்கள் பெயரில் எழுத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளச் சீட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டாவது பத்திரப்படுத்துங்கள். சேமநிதிக் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். உழைத்தவன் கணக்குக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நாளை விடியற்காலை வேலைக்குப் புறப்படும்போது, உலகத்தின் மறுகோடியில் ஒரு காலத்தில் இதே நேரத்தில், எரிந்தடங்கிய அடிக்கட்டையின் பக்கத்திலிருந்து எழுந்து, முகத்தில் கரியைப் பூசி, ஊராருடைய கடிதங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு இறுகிய பனிமேல் கால் வைத்த அந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.